லேபிள் தாளில் எழுத்து ஏன் இடம் மாறுகிறது?

ஏ4 தாளில் 21 லேபிள் கொண்ட ஒட்டுத்தாளை வாங்கி, வேர்டில் அதற்குரிய எண்ணைத் தேர்ந்தெடுத்து, முகவரிகளை அச்சிட்டிருக்கிறீர்கள். முதலில் அச்சிட்டபோது மேல் வரிசை கீழே இறங்கியிருந்தது. டாப் மார்ஜினை (மேல் ஓரத்தை) 4 மி.மீ. குறைத்ததும் மேல் வரிசை சரியாகிவிட்டது. ஆனால் கடைசி வரிசை ஏறத்தாழ 7 மி.மீ. மேலே ஏறி, முந்தைய லேபிளைத் தொடுகிறது. கூடவே ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பெயர் காணாமல் போகிறது. தவறு டெம்ப்ளேட்டிலா, பிரிண்டரிலா, இதற்கென்று தனி மென்பொருள் வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இரண்டையும் ஒரே கோளாறாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. எழுத்து நகர்வது அச்சிடும் அளவு சார்ந்தது. பெயர் விடுபடுவது, பட்டியலில் உள்ள பெயர்களை லேபிள்களில் தானாக நிரப்பும் மெயில் மெர்ஜ் சார்ந்தது. டெம்ப்ளேட்டின் மேல் பழி போடுவதற்கு உங்கள் விவரத்தில் எனக்கு எந்த முகாந்திரமும் தெரியவில்லை. அச்சுக்குக் கோப்புகள் தயார் செய்வதும் உறைகளுக்கும் கோப்புகளுக்கும் இருப்பு அலமாரிகளுக்கும் லேபிள் அடித்துத் தருவதும் நெடுங்காலமாக என் வேலை. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

லேபிள் டெம்ப்ளேட் என்று வேர்டு திறந்து தருவது எல்லைக்கோடு மறைக்கப்பட்ட ஓர் அட்டவணை, அவ்வளவுதான். அட்டவணைக்குள் கர்சரை வைத்து லேஅவுட் பகுதியில் வியூ கிரிட்லைன்ஸ் என்பதைச் சொடுக்கினால் கட்டங்கள் மெல்லிய புள்ளிக்கோடுகளாகத் தெரியும். உங்கள் தாள் ஏவரி நிறுவனத்தின் எல்7160 என்ற எண்ணுக்கு நிகரானது என்றால், ஒவ்வொரு லேபிளும் 63.5 மி.மீ. அகலம், 38.1 மி.மீ. உயரம், மூன்று நிரல், ஏழு வரிசை. ஏழு வரிசைக்கு 266.7 மி.மீ. போக, 297 மி.மீ. நீளமுள்ள தாளில் மிச்சம் 30.3. அதை மேலும் கீழும் சமமாகப் பிரித்தால் மேல் ஓரம் 15.15 மி.மீ. டெம்ப்ளேட் என்ற பெயரில் பதுங்கியிருப்பது இந்தக் கணக்குதான். இந்த எண்களை நீங்களே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வரும்போது திரையைப் பார்ப்பதைவிட இவற்றைப் பார்ப்பது பயன் தரும். மில்லிமீட்டர் தாளில் 63.5, 38.1 என்று அரைகுறை எண்கள் எப்படி வந்தன என்று தோன்றினால், அவை சரியாக இரண்டரை அங்குலமும் ஒன்றரை அங்குலமும்தான். ஆர். ஸ்டான்டன் ஏவரி 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒட்டு லேபிள் தொழில் அங்குலத்தில் வளர்ந்தது. அந்த நிறுவனத்தின் எண்களைத்தான் மற்றவர்களும் தங்கள் உறைகளின்மேல் 'இன்ன எண்ணுக்கு நிகர்' என்று அச்சிட்டு விற்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 21 லேபிள் என்ற எண்ணிக்கை மட்டும் பொருந்தினால் போதாது. ஓரமே விடாமல் தாளை முழுக்க வெட்டி, 70 மி.மீ. அகலமும் 42.3 மி.மீ. உயரமுமாக 21 லேபிள் வரும் தாள்களும் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது அதுவோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் அந்தத் தாளில் எல்7160 டெம்ப்ளேட்டை அடித்தால் மேல் வரிசையே 15 மி.மீ. தள்ளி நிற்கும், 4 மி.மீ. திருத்தத்தில் சரியாகாது. ஆகவே தாளைப் பற்றிய ஐயம் தீர்ந்தது. எதற்கும் ஓர் அளவுகோலை எடுத்து ஒரு லேபிளின் உயரத்தை அளந்துவிடுங்கள். உறையின்மேல் உள்ள எண்ணைவிட அளவுகோல் நம்பத் தகுந்தது.

இப்போது உங்கள் 4, 7 என்ற இரண்டு எண்களுக்கு வருகிறேன். பக்கத்தை 97 விழுக்காடாகச் சுருக்கித் தாளின் நடுவில் வைத்து அச்சிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தாளின் நட்டநடுப் புள்ளி அசையாது. மேலே உள்ளவை நடுவை நோக்கி இறங்கும். கீழே உள்ளவை நடுவை நோக்கி ஏறும். முதல் வரிசையின் மேல்விளிம்பு நடுவிலிருந்து 133.35 மி.மீ. தொலைவில் இருக்கிறது. அதில் 3 விழுக்காடு 4 மி.மீ. நீங்கள் முதலில் கண்ட இறக்கம் இதுதான். கடைசி வரிசையின் மேல்விளிம்பு நடுவுக்குக் கீழே 95.25 மி.மீ. தொலைவில் உள்ளது. அது கிட்டத்தட்ட 3 மி.மீ. ஏறும். இந்த நிலையில் நீங்கள் மார்ஜினைக் குறைத்து மொத்த அட்டவணையையும் 4 மி.மீ. மேலே தள்ளியிருக்கிறீர்கள். மேல் வரிசை பொருந்திவிட்டது. கடைசி வரிசையின் பிழை 3உம் 4உம் சேர்ந்து 7 ஆகிவிட்டது. உங்கள் அளவுகளோடு இது இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதால், பக்கம் சுருங்கித்தான் அச்சாகிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்வேன்.

'ஏறத்தாழ' என்றதற்குக் காரணம், டெம்ப்ளேட்டில் யாராவது வரிசை உயரத்தை 38.1க்குப் பதில் 37 என்று மாற்றியிருந்தாலும் கடைசி வரிசையில் இதே மாதிரிப் பிழை வரும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சுருக்கம் என்றால் அது பக்கவாட்டிலும் தெரிய வேண்டும்: இடது நிரலின் இடது விளிம்பு ஏறத்தாழ 3 மி.மீ. உள்ளே வந்திருக்கும், வலது நிரலின் வலது விளிம்பும் அதே அளவு உள்ளே வந்திருக்கும். வரிசை உயரம் மட்டும் தவறு என்றால் பக்கவாட்டில் எதுவும் நகராது. உங்கள் தாளைப் பார்க்காமல் இதை என்னால் தீர்மானிக்க முடியாது. நீங்கள் ஒரு நிமிடத்தில் தீர்மானித்துவிடலாம்.

சுருக்கம் நுழையும் வாசல்கள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, வேர்டின் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில், அச்சு தொடர்பான வரிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது: ஏ4 அல்லது அமெரிக்க லெட்டர் தாளுக்கு ஏற்ப உள்ளடக்கத்தை அளவு மாற்று என்ற தேர்வு. அது வழக்கமாக இயங்கும் நிலையிலேயே இருக்கும். லெட்டர் தாள் 215.9 மி.மீ. அகலம், 279.4 மி.மீ. நீளம், ஏ4 தாள் 210க்கு 297. லெட்டர் அகலத்தை ஏ4 அகலத்துக்குள் அடக்கினால் கிடைப்பது 97.3 விழுக்காடு. கோப்பு ஏ4 ஆக இருந்து பிரிண்டரின் அமைப்பு லெட்டராக இருந்தாலும், அதற்கு நேர்மாறாக இருந்தாலும் இந்தத் தேர்வு சத்தமில்லாமல் வேலையைக் காட்டிவிடும். இரண்டாவது வாசல் பிரிண்டரின் சொந்த அமைப்பு. அங்கே ஃபிட் டு பேஜ் என்று ஏதாவது குறியிடப்பட்டிருக்கும். மூன்றாவது, பிடிஎஃப் ஆக மாற்றி அச்சிடும்போது வருவது. பிடிஎஃப் படிப்பான்கள் பலவற்றில் ஃபிட் அல்லது பெரிய பக்கத்தைச் சுருக்கு என்பதே முன்னிருப்பாக இருக்கும். அதை ஆக்சுவல் சைஸ் அல்லது 100 விழுக்காடு என்று மாற்ற வேண்டும். மூன்றையும் அடைத்துவிட்டு, நீங்கள் குறைத்த 4 மி.மீ. மார்ஜினைப் பழையபடி 15.15க்கே கொண்டுபோய்விடுங்கள். அதை மறந்தால் இனி எல்லா வரிசையும் ஒன்றுபோல 4 மி.மீ. மேலே நிற்கும், புதிதாக ஒரு கோளாறு வந்ததாக நினைத்துக் குழம்புவீர்கள்.

சரிபார்ப்பதற்கு லேபிள் தாளை வீணாக்காதீர்கள். அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து எல்லாக் கட்டங்களுக்கும் மெல்லிய கோடு போட்டு, வெறும் வெள்ளைத் தாளில் அச்சிடுங்கள். அந்தத் தாளை லேபிள் தாளின்மேல் வைத்து, நான்கு விளிம்பும் ஒன்றிப்போகும்படி பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். லேபிள்களின் வெட்டுக்கோடுகள் மேல்தாள் வழியே மங்கலாகத் தெரியும். பார்க்க வேண்டியது நான்கு மூலைகளை மட்டும். நான்கு மூலையிலும் ஒரே திசையில் ஒரே அளவு விலகல் என்றால் அது இடப்பெயர்ச்சி. மார்ஜினில் அந்த அளவைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். மூலைக்கு மூலை விலகல் மாறினால், நடுவிலிருந்து தூரம் போகப் போகக் கூடினால், அது அளவுப் பிழை. மார்ஜினைத் தொடவே கூடாது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிச் சாய்ந்திருந்தால் தாள் கோணலாக உள்ளே போகிறது. தட்டில் உள்ள பக்கவாட்டுத் தாங்கிகளைத் தாளோடு ஒட்டி நகர்த்துங்கள். இதே சோதனையை அடுத்தடுத்து மூன்று வெள்ளைத் தாளில் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் விலகல் வெவ்வேறாக வந்தால் அது பிரிண்டர் தாளை இழுக்கும் விதம். எந்த டெம்ப்ளேட்டாலும் அதைத் திருத்த முடியாது. இந்த நான்கில் எது என்று தெரியாமல் எண்களை மாற்றிக்கொண்டே போவதால்தான் ஒரு பெட்டித் தாள் காலியாகிறது.

பிரிண்டர் எவ்வளவு நல்லதானாலும் தாளுக்குத் தாள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அங்குமிங்கும் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் லேபிளின் விளிம்பிலிருந்து உள்ளே எல்லாப் பக்கமும் 3 மி.மீ. வரை எழுத்து வராமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். லேபிளைச் சுற்றிக் கட்டம் போட்டு அழகுபடுத்தும் ஆசையும் வேண்டாம். கட்டம் இல்லாத லேபிளில் ஒரு மில்லிமீட்டர் விலகலை யாரும் கவனிக்கமாட்டார்கள். கட்டம் போட்டால் அரை மில்லிமீட்டர்கூடப் பளிச்சென்று தெரியும். சோதனைக்குப் போட்ட கோடுகளையும் இதே காரணத்துக்காக மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு பொறி: சில லேபிள் தாள்களில் பக்க ஓரம் மிகக் குறுகலாக இருக்கும். அச்சிடும்போது, மார்ஜின் அச்சிடக்கூடிய பரப்புக்கு வெளியே இருக்கிறது என்று வேர்டு முணுமுணுக்கும். சில பதிப்புகள் சரிசெய்யட்டுமா என்றும் கேட்கும். சரிசெய் என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் வேர்டு தன் இஷ்டப்படி மார்ஜினை மாற்றும். அட்டவணை முழுவதும் நகர்ந்துவிடும். எழுத்து லேபிளுக்குள் சற்றுத் தள்ளித்தான் தொடங்குகிறது என்றால் அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஓரமே இல்லாத 70 மி.மீ. தாள்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பிரிண்டரால் தாளின் விளிம்பில் சில மில்லிமீட்டருக்கு அச்சிடவே முடியாது. அங்கே எழுத்து வந்தால் வெட்டுப்படும்.

உங்கள் தாளின் எண் பட்டியலில் இல்லாத நாள் வரும். அப்போது நீங்களே அளந்து புதிய லேபிள் உருவாக்க வேண்டியிருக்கும். மெயிலிங்ஸ், லேபிள்ஸ், ஆப்ஷன்ஸ், நியூ லேபிள் என்று போனால் மேல் ஓரம், பக்க ஓரம், உயரம், அகலம், கிடைமட்டப் பிட்ச், செங்குத்துப் பிட்ச், எத்தனை நிரல், எத்தனை வரிசை என்று கேட்கும். பலர் தடுமாறுவது பிட்ச் என்பதில். ஒரு லேபிளின் இடது விளிம்பிலிருந்து அடுத்த லேபிளின் இடது விளிம்பு வரை உள்ள தூரம் அது. லேபிளின் அகலமும் இடைவெளியும் அதில் அடக்கம். எல்7160 தாளில் அகலம் 63.5, இடைவெளி 2.5, பிட்ச் 66. அகலத்தையே பிட்ச்சாக எழுதினால் மூன்றாவது நிரல் 5 மி.மீ. இடது பக்கம் போய்விடும். பிட்ச்சை ஒரே ஒரு லேபிளை வைத்து அளக்கவும் கூடாது. முதல் லேபிளின் மேல்விளிம்பிலிருந்து கடைசி லேபிளின் மேல்விளிம்பு வரை அளந்து, இடையில் உள்ள தாவல்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். காரணம் இதுதான்: 65 லேபிள் கொண்ட தாளில் ஒவ்வொன்றின் உயரம் 21.2 மி.மீ., வரிசைகள் 13. அளவுகோலில் பார்த்து 21 என்று எழுதினீர்கள் என்றால் பிழை 0.2 மி.மீ.தான், கண்ணுக்கே தெரியாது. பன்னிரண்டு தாவலில் அது 2.4 மி.மீ. ஆகிவிடும். அவ்வளவு சிறிய லேபிளில் கடைசி வரிசையின் முதல் வரி வெட்டுக்கோட்டின்மேல் உட்கார்ந்துவிடும். பதின்மப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கத்தை அலட்சியம் செய்யக்கூடாத அலுவலக வேலைகளில் இதுவும் ஒன்று.

லிப்ரே ஆபிஸ் பயன்படுத்துபவர்களுக்கும் கணக்கு இதுவே. ஃபைல், நியூ, லேபிள்ஸ் என்று போனால் ஃபார்மேட் பக்கத்தில் இதே எண்கள் கிடைக்கும். அங்கே பிட்ச் எண்களை வெளிப்படையாகவே பார்த்துத் திருத்த முடிவதால், கணக்குப் புரிந்தவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். உள்ளடக்கத்தை ஒத்திசை என்ற தேர்வைக் குறியிட்டால் முதல் லேபிளில் செய்யும் மாற்றம் ஒரு பொத்தானில் மற்ற எல்லாவற்றுக்கும் போகும்.

இனி காணாமல் போகும் பெயர்கள். மெயில் மெர்ஜில் ஒரு தாளின் எல்லா லேபிளும் ஒரே ஆவணப் பக்கத்தில் இருப்பதால், அடுத்த லேபிளுக்குப் போகும்போது பட்டியலில் அடுத்த ஆளுக்கு நகர் என்று சொல்ல ஒரு குறி தேவை. நெக்ஸ்ட் ரெகார்டு என்ற அந்தக் குறி முதல் கட்டத்தில் இருக்கக் கூடாது. இரண்டாவது முதல் கடைசி வரை எல்லாக் கட்டங்களிலும் ஒன்று இருக்க வேண்டும். யாரோ இரண்டாவது கட்டத்தின் உள்ளடக்கத்தை நகலெடுத்து முதல் கட்டத்தில் ஒட்டியிருந்தால், முதல் லேபிளே முதல் ஆளைத் தாண்டி இரண்டாவது ஆளில் தொடங்கும். பக்கம் முடிந்ததும் வேர்டு தானாகவே ஒரு படி நகரும். அடுத்த பக்கத்தின் முதல் கட்டம் இன்னும் ஒரு படி நகர்த்தும். 21 லேபிள் தாளில் இப்படி விடுபடுபவர்கள் பட்டியலின் 1, 23, 45 ஆவது ஆட்கள். உங்கள் பட்டியலில் இந்த இடங்களைப் பாருங்கள். அவர்கள்தான் காணவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். ஆல்ட் விசையையும் எஃப்9 விசையையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் வெளியே தெரியும். முதல் கட்டத்தில் உள்ள நெக்ஸ்ட் ரெகார்டு குறியை மட்டும் அழித்துவிட்டு அப்டேட் லேபிள்ஸ் பொத்தானை அழுத்துங்கள். முதல் கட்டத்தில் இருப்பதை அது எல்லாக் கட்டங்களுக்கும் பரப்பி, குறிகளையும் தானே போட்டுவிடும். இதனால்தான் எழுத்துரு, அளவு, வரி இடைவெளி எல்லாவற்றையும் முதல் கட்டத்தில் மட்டும் செய்து முடித்துவிட்டுப் பரப்ப வேண்டும். மற்ற கட்டங்களில் கையால் செய்த அலங்காரத்தை இந்தப் பொத்தான் இரக்கமில்லாமல் துடைத்துவிடும். விடுபட்டவர்கள் வேறு இடங்களில் இருந்தால், எக்செல் பட்டியலில் வடிகட்டி ஏதாவது மிச்சமிருக்கிறதா, மெர்ஜின் பெறுநர் பட்டியலில் யாருடைய குறியாவது நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எக்செலைப் பற்றிச் சொல்ல வேண்டியவை நிறைய; உங்களுக்கு அவசியமானவற்றை மட்டும் சொல்கிறேன். பூஜ்யத்தில் தொடங்கும் அஞ்சல் குறியீடு, உறுப்பினர் எண் போன்றவற்றின் நிரலை, எண்களைத் தட்டுவதற்கு முன்பே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். போன பிறகு வடிவத்தை மாற்றினாலும் திரும்பி வராது. ஒரே நிரலில் எண்களும் எழுத்துகளும் கலந்திருந்தால், தொடக்க வரிசைகளைப் பார்த்து வேர்டுக்குத் தகவல் தரும் இணைப்பு அந்த நிரலை எண் என்று முடிவுகட்டிவிட்டு, பின்னால் வரும் எழுத்துகளை வெற்றாக்கிவிடுவது உண்டு. அதற்கும் மருந்து அந்த நிரலை முழுவதும் டெக்ஸ்ட் ஆக்குவதுதான். முகவரியின் இரண்டாவது வரி சிலருக்கு இருக்காது. அந்த வரிக்குரிய புலத்தை (பட்டியலின் தகவல் வந்து நிரம்பும் குறியை) தனிப் பத்தியில் வைத்து எண்டர் தட்டியிருந்தால், தகவல் இல்லாதபோது வேர்டு அந்த வரியையே மூடிவிடும். ஷிஃப்டும் எண்டரும் சேர்த்துத் தட்டிய வரி என்றால் அந்த இடம் காலியாகப் பல்லிளிக்கும். பாதி பயன்படுத்திய தாளில் எட்டாவது லேபிளிலிருந்து தொடங்க வேண்டும் என்றால், பட்டியலின் தலைப்புக்குக் கீழே ஏழு வரிசைகளைச் செருகி, ஒவ்வொன்றிலும் ஒரு இடைவெளி எழுத்தை மட்டும் தட்டி வையுங்கள். ஏழு லேபிள் காலியாகப் போகும்.

தமிழில் அடிப்பவர்களுக்கென்றே சில தொல்லைகள் உண்டு. வேர்டு லேபிள் அட்டவணையில் வரிசை உயரம் 'துல்லியமாக இவ்வளவு' என்று பூட்டப்பட்டிருக்கும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதன் விளைவு, உள்ளடக்கம் நீண்டால் கட்டம் வளராது, கடைசி வரி சத்தமில்லாமல் மறைந்துவிடும். ஒரே முகவரி தமிழில் எழுதும்போது பெரும்பாலும் நீளும், ஒரு வரி இரண்டாக மடியும், ஊர்ப்பெயர் கீழே விழுந்து காணாமல் போகும். பட்டியலில் மிக நீளமான முகவரி எதுவோ அதைத் தேடி எடுத்து, அதை வைத்துத்தான் எழுத்தளவைத் தீர்மானிக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த வரி இடைவெளியைத் துல்லிய அளவாக இறுக்கினால் 'கி', 'கீ' போன்றவற்றின் மேல்வளைவும் 'கூ', 'மூ' போன்றவற்றின் கீழ்ச்சுழியும் நறுக்கப்படும். எழுத்தளவு 10 புள்ளி (பாயிண்ட்) என்றால் வரி இடைவெளியை 14 புள்ளிக்குக் குறைக்காமல் தொடங்கி, அச்சிட்டுப் பார்த்துத்தான் இறக்குவேன். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும்: லதா, நிர்மலா, நோட்டோ மூன்றையும் ஒரே அளவில் வைத்தாலும் மூன்றும் மூன்று உயரம் எடுத்துக்கொள்ளும்.

எழுத்துரு உரையாடல் பெட்டியில் லத்தீன் எழுத்துக்கும் பிற வரிவடிவங்களுக்கும் தனித்தனி எழுத்துருவும் தனித்தனி அளவும் இருக்கின்றன. பெயர் தமிழிலும் கதவு எண் ஆங்கில எழுத்திலும் உள்ள லேபிளில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தால் அந்தப் பெட்டியில் இரண்டு இடத்திலும் அளவைச் சமமாக்குங்கள். பட்டியல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால், மெர்ஜ் செய்ததும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளின் குவியல் வரும். அந்த எழுத்துருவையே லேபிளுக்கும் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் பட்டியலை ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. மாற்றிய பிறகு கிரந்த எழுத்துகளும் 'ஸ்ரீ'யும் சரியாக வந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். மாற்றிகள் வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

வேறொரு கணினியில் அச்சிடப் போவதாக இருந்தால் மெர்ஜ் முடித்த ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கி எடுத்துச் செல்லுங்கள். எழுத்துரு உள்ளேயே பொதிந்துவிடும், அட்டவணை நகராது. அங்கே 100 விழுக்காடு என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மெர்ஜ் முடித்ததும் நேரே பிரிண்டருக்கு அனுப்பாமல் புதிய ஆவணமாகத் திறந்து ஒருமுறை புரட்டிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் தொங்கினால், அது அட்டவணைக்குப் பின்னால் வேர்டு கட்டாயமாக வைத்திருக்கும் வெற்றுப் பத்தி. நீக்க முடியாது, எழுத்தளவை 1 புள்ளி ஆக்கினால் மேல் பக்கத்துக்கே போய்விடும்.

தாளைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் லேபிள் தாளை லேசர் பிரிண்டரில் விடாதீர்கள். லேசரில் மையைத் தாளில் உருக்கிப் பதிக்கும் உருளை 200 டிகிரி செல்சியஸை நெருங்கும் சூட்டில் இயங்குகிறது. அந்தச் சூட்டைத் தாங்காத பசை உருகி உள்ளே ஒட்டிக்கொண்டால் செலவு லேபிளோடு நிற்காது. பாதி லேபிள் உரித்த தாளை லேசரில் மறுபடி விடுவதையும் நான் ஊக்குவிக்கமாட்டேன். பட்டியலில் வெற்று வரிசை செருகும் உத்தியை மேலே சொன்னேன். அதை இங்க்ஜெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உரித்த இடத்தை ஒட்டிய லேபிளின் விளிம்பு ஏற்கெனவே லேசாக எழும்பியிருக்கும். உருளைக்குள் அது கழன்றுகொள்ளலாம். கழலாமலும் போகலாம், ஆனால் பந்தயம் உங்கள் பிரிண்டரின்மேல். லேசரில் தாள் வகையை லேபிள்ஸ் என்று மாற்றி, பின்கதவைத் திறந்து தாள் நேராக வெளியேறும் வழி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். தாள் வளையாமல் போனால் லேபிள் உரிவதும் குறையும், கோணலும் குறையும். இங்க்ஜெட்டில் அடித்தவை ஈரம் பட்டால் பரவக்கூடும். எவ்வளவு பரவும் என்பது மையையும் தாளையும் பொறுத்தது. ஒரு லேபிளில் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை இல்லை.

கடைசியாக, தனி மென்பொருள் வாங்குவதா என்ற கேள்வி. உங்கள் தேவை ஆண்டுக்குச் சில முறை முகவரி லேபிள் அடிப்பது என்றால் வேண்டாம். சுருக்கி அச்சிடும் பிரிண்டரில் எந்த மென்பொருளும் சுருக்கித்தான் அச்சிடும். பார்கோடுகூட வேர்டு 2013 முதல் மெர்ஜ் புலமாகவே கிடைக்கிறது. அன்றாடம் ஒன்றிரண்டாக லேபிள் தேவைப்படும் இடம் என்றால் மென்பொருளை விட்டுவிட்டுச் சுருளில் அச்சிடும் தெர்மல் லேபிள் பிரிண்டரைப் பற்றி யோசிக்கலாம். ஒரு லேபிளுக்காக ஒரு முழுத்தாளைக் கெடுக்க வேண்டியிராது. ஆனால் மை இல்லாமல் சூட்டால் மட்டும் கருக்கும் வகையில் அச்சிட்டவை வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய கோப்பு லேபிளுக்கு அது ஆகாது, ரிப்பன் வைத்த வகை வேண்டும். சாதாரணத் தெர்மல் பிரிண்டர்களில் பரவலாக உள்ள 203 டிபிஐ என்பது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள்தான். ஆங்கில எழுத்துக்கு அது போதும். தமிழில் எழுத்தளவு 8 பாயிண்ட்டுக்குக் கீழே போனால் 'ண', 'ன' வளைவுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். வாங்குவதற்கு முன் உங்கள் பட்டியலிலேயே நீளமான தமிழ் முகவரியைக் கொடுத்து ஒரு லேபிள் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.